அவசரத் திருமணம் அடைக்கலம் ஆகுமா?



"வயதுக்கு வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்" என்று தாய்மார்கள் சொல்லுவதை நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் திருவண்ணாமலையிலும் இருந்தபோது சொன்ன இந்தச் சொல், பிழைப்பைத் தேடி வைட்ஃபீல்டுக்கு வந்தபின் குறையவில்லை, கூடியிருக்கிறது. ஊரில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி இருந்தார், பெரியம்மா இருந்தார், தெருவே இருந்தது. இங்கே பொழுது விடிந்ததும் தாய் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வீட்டு வேலைக்குப் புறப்படுகிறார். தந்தை கட்டட வேலைக்கோ காவல் வேலைக்கோ போகிறார். பள்ளி விட்டு வரும் பிள்ளை இருட்டும்வரை தனியே இருக்கிறாள்.

இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் இந்தப் பயத்தினால் நாம் செய்யும் காரியங்கள் பிள்ளையைக் காக்கின்றனவா, அல்லது எதற்குப் பயந்தோமோ அதற்குள்ளேயே அவளைத் தள்ளுகின்றனவா என்பதை நாம் சிந்திக்க வேண்டும். பள்ளிப் பருவத்தில் ஒரு பெண்பிள்ளை கருவுறுவது அவள் ஒருத்தியின் தவறினால் நேரிடுகிற காரியமன்று. வீட்டின் வழக்கம், உறவினரின் பேச்சு, நகரத்தின் நெருக்கடி, பெரியவர்களாகிய நம்முடைய மௌனம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 6.8 விழுக்காட்டினர் கணக்கெடுப்பின்போது ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். கர்நாடகத்தில் இது 5.4 விழுக்காடு. நம்முடைய தமிழ்நாட்டில் 6.3 விழுக்காடு. அதற்கு முந்திய 2015-16 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் அளவு 5.0 ஆக இருந்தது. அதாவது நாடு முழுவதும் குறைந்துவந்த காலத்தில் தமிழ்நாட்டில் அது சற்று உயர்ந்திருக்கிறது. பக்கத்து மாநிலமாகிய கேரளத்தில் இது 2.4 விழுக்காடு மாத்திரமே.

இந்த எண்களை வாசித்தவுடன், "காலம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் நம் நாட்டில் பதின்வயதில் தாயாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் திருமணமானவர்கள். பெற்றோரும் உற்றாரும் கூடி, மாலை மாற்றி, விருந்து வைத்து அனுப்பிய பிள்ளைகள் அவர்கள். அதே கணக்கெடுப்பில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயதுக்கு முன்பே திருமணமானவர்கள் இந்தியாவில் 23.3 விழுக்காடு, கர்நாடகத்தில் 21.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 12.8 விழுக்காடு. கர்நாடகத்தில் ஐந்து பெண்களில் ஒருத்திக்குச் சட்டம் அனுமதிக்கும் வயதுக்கு முன்பே திருமணம் முடிந்துவிட்டது என்று பொருள். ஆகவே, நாம் கலங்குகிற இந்தக் காரியம் பெரும்பாலும் நம் கண்ணுக்கு முன்பாக, நம் ஆசீர்வாதத்தோடு நடக்கிறது. மறைவில் நடப்பது அதில் ஒரு பகுதியே.

மலைக்கிராமமும் பெங்களூருவும்

2025-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு செய்தி பலருக்கு நினைவிருக்கும். அஞ்செட்டிக்கு அப்பால் உள்ள மலைக்கிராமம் ஒன்றைச் சேர்ந்த 14 வயதுப் பிள்ளை. ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 29 வயது ஆண் ஒருவருக்கு அவளைத் திருமணம் செய்துவைத்தார்கள். அந்தத் திருமணம் நடந்த இடம் மலைக்கிராமம் அன்று. நாம் வாழும் இதே பெங்களூரு. ஊருக்குத் திரும்பிய பிள்ளை, புருஷன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்று மறுத்தாள். அவள் கதறக் கதறத் தூக்கிச் செல்லப்பட்ட காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடு முழுவதும் பரவியது. பாட்டியின் புகாரின்பேரில் தேன்கனிக்கோட்டை அனைத்து மகளிர் காவல் நிலையம் வழக்குப் பதிந்தது. கைது செய்யப்பட்டவர்களில் மணமகனோடு பிள்ளையைப் பெற்ற தாயும் ஒருவர்.

இந்தச் செய்தியில் நமக்குரிய பாடம் என்ன? பள்ளி நின்ற நாளில் அவளுக்கு ஆபத்து தொடங்கிவிட்டது. ஊருக்கும் நகரத்துக்கும் இடையே குடும்பங்கள் போய்வருகிற இந்தப் பாதை, பிழைப்புக்கு உதவுவதுபோலவே, இப்படிப்பட்ட திருமணங்களை ஊர்க் கண்ணுக்கு மறைக்கவும் உதவுகிறது. ஊரிலே கிராம நிர்வாக அலுவலரும் பள்ளி ஆசிரியரும் பிள்ளையின் வயதை அறிவார்கள். நகரத்தில் யாருக்கு யாரைத் தெரியும்? இப்படியே இங்குள்ள பிள்ளையை விடுமுறைக்கு என்று ஊருக்கு அழைத்துச் சென்று, தாலியோடு திரும்ப அழைத்துவருவதும் உண்டு. பக்கத்து வீட்டார் கேட்டால், "பத்தொன்பது முடிந்துவிட்டது" என்று ஒரு பதில்.

ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த வழக்கங்கள்

முதலாவது, பூப்பெய்துவதையே திருமணத்துக்கான தகுதியாகப் பார்க்கும் பார்வை. மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, ஒலிபெருக்கி வைத்து, தாய்மாமன் சீர் கொண்டுவந்து, "எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள்" என்று ஊருக்கே அறிவிக்கிறோம். சபைக்கு வந்தபின் சடங்கை விட்டுவிட்ட குடும்பங்களும் உண்டு. ஆனால் சடங்கை விட்டவர்கள் எல்லாரும் அந்தப் பார்வையை விட்டுவிடவில்லை. பன்னிரண்டு வயதில் மாதவிலக்கு தொடங்கிய பிள்ளை உடலாலும் மனதாலும் இன்னும் குழந்தையே.

இரண்டாவது, உறவுக்குள் கொடுக்கும் வழக்கம். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் கொடுப்பது தென்னிந்தியக் குடும்பங்களில் தலைமுறைகளாக வருகிறது. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் உறவுக்குள் மணந்தவர்கள் என்று மேற்சொன்ன கணக்கெடுப்பே காட்டுகிறது. மாப்பிள்ளை வீட்டார் வெளியாராக இருந்தால் வயதைக் கேட்பார்கள், படிப்பைக் கேட்பார்கள். உறவுக்குள் என்றால் ஒன்றும் கேட்பதில்லை. "முறைமாமன்தானே" என்ற ஒரே சொல்லில் பதினாறு வயதுப் பிள்ளையின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது. அதே சொல்லின் மறைவில், திருமணத்துக்கு முன்பே உறவினன் ஒருவன் அவளிடம் எல்லை மீறினாலும் வீட்டார் கண்டுகொள்ளாமல் இருந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது, வரதட்சணை. பெண்ணுக்கு வயதும் படிப்பும் கூடக் கூட, கேட்கும் நகையும் கூடும் என்பது பலருடைய கணக்கு. சிறு வயதில் கொடுத்தால் செலவு குறையும் என்று எண்ணுகிறார்கள். அவள் பள்ளிப்படிப்பை முடித்திருந்தால் ஒரு கடையிலோ அலுவலகத்திலோ மருத்துவமனையிலோ ஆயுள் முழுவதும் சம்பாதிக்கக்கூடிய தொகையை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

நகரம் சேர்த்துக் கொடுத்தவை

1882-ஆம் ஆண்டு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களின் விவசாயக் குடியிருப்பாகத் தோன்றிய ஊர் வைட்ஃபீல்ட். 1990-களில் தொழில்நுட்பப் பூங்கா எழும்பியதிலிருந்து இந்த வட்டாரம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. 2023-இல் மெட்ரோ ரயில் காடுகோடி வரை வந்துவிட்டது. கண்ணாடிக் கட்டடங்களைக் கட்டியவர்களும், அவற்றைத் துடைத்துப் பெருக்குகிறவர்களும் பெரும்பாலும் வெளியூரிலிருந்து வந்த எளியவர்களே. அவர்களுடைய குடித்தனம் ஒற்றை அறையிலும், தகரக் கொட்டகையிலும், நெருங்கிய வரிசை வீடுகளிலும் நடக்கிறது. குளியலறை பொது. தண்ணீர்க் குழாய் பொது. பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஊரிலிருந்து வேலை தேடி வந்த உறவுக்காரப் பையனும் ஒரே அறையில் படுக்கிறார்கள்.

இந்தச் சூழ்நிலையில் முதலில் நிற்பது மூத்த பெண்ணின் படிப்பு. ஊரில் தமிழில் படித்தவளுக்கு இங்கே கன்னடமும் ஆங்கிலமும் தடுமாற்றமாகிறது. டி.சி. வரவில்லை, ஆதாரில் முகவரி மாறவில்லை என்று சேர்க்கை தள்ளிப்போகிறது. அதற்குள் கைக்குழந்தையாகிய தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருக்கிறது. ஒரு வருடம் என்று சொல்லி நிறுத்திய படிப்பு நிரந்தரமாக நின்றுவிடுகிறது. பள்ளியில்லாத பிள்ளைக்கு நாள் நீளம். பேசுவதற்கு ஆள் இல்லை. அந்த வெறுமையில் கைப்பேசி வருகிறது. அன்பாய்ப் பேசும் ஒரு குரல் வருகிறது.

திரைப்படங்கள் இதில் ஒரு பங்கு வகிக்கின்றன. பள்ளிச் சீருடை அணிந்த பெண்ணைப் பின்தொடர்வதே வீரம், அவள் மறுப்பதே சம்மதம் என்று பல ஆண்டுகளாக நம் பையன்களுக்குப் படம் பாடம் சொல்லியிருக்கிறது. வீட்டில் அவளிடம், "நீ நன்றாய் இருக்கிறாய், கெட்டிக்காரி" என்று ஒருவரும் சொல்லாதபோது, வெளியே முதலில் சொல்லுகிறவனை அவள் நம்பிவிடுகிறாள்.

இன்னொரு கசப்பான உண்மையையும் மறைக்கக்கூடாது. கருவுற்ற பிள்ளைகள் எல்லாரும் காதலித்தவர்கள் அல்லர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குகளில், குழந்தைகளுக்கு எதிரான பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்கு முன்பே தெரிந்தவர். உறவினர், அண்டை வீட்டார், வேலை கொடுத்தவர், குடும்ப நண்பர் என்று அந்தப் பட்டியல் நீளுகிறது. ஆகவே, "யாரோடு போனாய்?" என்று அவளை அடிப்பதற்கு முன், "உனக்கு யார் என்ன செய்தார்கள்?" என்று கேட்க வேண்டும்.

பேசாத வீடு

நம் வீடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேசுகிறோம், வேலையைப் பற்றிப் பேசுகிறோம். உடலைப் பற்றி மாத்திரம் பேசுவதில்லை. மாதவிலக்கு தொடங்கிய அன்று, "இனிமேல் பையன்களோடு பேசாதே" என்ற ஒரு கட்டளை. ஏன் என்று விளக்கம் இல்லை. கரு எப்படி உண்டாகிறது என்று அறியாத பிள்ளைக்கு, மாதவிலக்கு நின்றதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரிவதில்லை. தெரிந்தபின்னும் அடிக்குப் பயந்து நான்கு, ஐந்து மாதம் மறைத்துவைக்கிறாள். அந்த மாதங்களில் அவளுக்கு மருத்துவரும் இல்லை, மாத்திரையும் இல்லை, ஆறுதலும் இல்லை. கடுமையான கண்டிப்பு பிள்ளையைத் தவற்றிலிருந்து விலக்கும் என்று நம்புகிறோம். பல வீடுகளில் அது அவளைத் தாயிடமிருந்து விலக்குகிறது.

பேசினால் பிள்ளை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. இங்கிலாந்து 1999-ஆம் ஆண்டு இதற்கென ஒரு தேசியத் திட்டத்தை வகுத்தது. பள்ளிகளில் உடல், உறவு பற்றிய கல்வி, இளையோர் எளிதில் அணுகும் மருத்துவ ஆலோசனை, குழந்தை பெற்ற மாணவிகள் படிப்புக்குத் திரும்ப உதவி ஆகியவை சேர்ந்து நடந்தன. இருபது ஆண்டுகளுக்குள் அங்கே 18 வயதுக்குட்பட்டோர் கருவுறும் அளவு பாதிக்கும் கீழே இறங்கியது.

அப்படியானால் என்ன பேசுவது? பத்து வயதுக்குள், தன் உடலில் யார் தொடலாம், யார் தொடக்கூடாது, தொட்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பேசுங்கள். மாதவிலக்கு வருவதற்கு முன்பே அது என்ன, ஏன் வருகிறது என்று தாய் சொல்லட்டும். பதின்மூன்று வயதில், கரு எவ்விதம் உண்டாகிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். பதினைந்து வயதில், ஒருவன் படம் அனுப்பச் சொன்னால், தனியே வரச் சொன்னால், மிரட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று பேசுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "என்ன நடந்தாலும் முதலில் அம்மாவிடம் வா; உன்னைத் தள்ளமாட்டேன்" என்று அடிக்கடி சொல்லுங்கள். மகன்களிடமும் பேசுங்கள். பெண்ணுக்கு மட்டும் ஆயிரம் கட்டளையிட்டு, பையனை அவிழ்த்துவிடும் வீடு இன்னொருவருடைய மகளுக்கு ஆபத்து.

மூடி மறைக்கும் திருமணம்

பிள்ளை கருவுற்றிருக்கிறாள் என்று தெரிந்தவுடன் குடும்பத்தில் எழும் முதல் யோசனை, "சீக்கிரம் ஒரு தாலியைக் கட்டிவிடு" என்பதே. காதலித்தான் என்று தெரிந்தாலே போதும், கருவுறுவதற்கு முன்பே அந்த யோசனை வந்துவிடுகிறது. "போதகர் ஐயா, நீங்கள் ஒரு ஜெபம் பண்ணி முடித்துவையுங்கள்" என்று சபைக்கும் வருகிறார்கள். இதைக் குறித்துச் சட்டம் சொல்லுவதை எல்லாரும் தெளிவாய் அறிந்திருக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். இதை மீறி நடக்கும் திருமணத்தை நடத்திவைக்கிறவருக்கும், அனுமதிக்கிற பெற்றோருக்கும் 2 ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பெண்களுக்குச் சிறைத்தண்டனை இல்லை என்ற சலுகை இந்த ஒரு சட்டத்தில் மாத்திரமே. திருமணத்தை நடத்தும் போதகரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவரே. மேலும், கர்நாடக அரசு கொண்டுவந்து 2017-இல் ஒப்புதல் பெற்ற திருத்தத்தின்படி, இந்த மாநிலத்தில் நடக்கும் குழந்தைத் திருமணம் தொடக்கம் முதலே செல்லாது. அதாவது, அந்தத் தாலி அவளுக்கு மனைவி என்ற சட்டப் பாதுகாப்பைத் தருவதில்லை.

இத்தோடு முடியவில்லை. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி 18 வயதுக்குட்பட்டவரின் சம்மதம் சம்மதமாகாது. திருமணமாகிவிட்டது என்பதும் தப்புவிக்காது. மனைவி 18 வயதுக்குட்பட்டவளாயின் அவளோடு உறவுகொள்வது வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபர் மாதம் தீர்ப்பளித்தது. பிரசவத்துக்கு மருத்துவமனைக்குப் போகும் நாளில் ஆதார் அட்டையிலுள்ள பிறந்த தேதி உண்மையைச் சொல்லிவிடும். மருத்துவர் காவல்துறைக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். அப்பொழுது பத்தொன்பது, இருபது வயதுப் பையன் சிறைக்குப் போகிறான். பிள்ளை கைக்குழந்தையோடு தனித்து நிற்கிறாள். மானத்தைக் காக்க நினைத்த இரண்டு குடும்பங்களும் நீதிமன்ற வாசலில் நிற்கின்றன.

ஒருவரையொருவர் விரும்பிய பதின்வயதினர் விஷயத்தில் இச்சட்டம் மிகக் கடுமையாக இருக்கிறது என்ற வாதம் உண்டு. 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றமே இதைச் சட்ட ஆணையம் சிந்திக்க வேண்டும் என்று கூறியது. ஆனால் 18 வயது என்ற எல்லையைக் குறைக்க வேண்டாம் என்றே சட்ட ஆணையம் 2023-இல் பரிந்துரைத்தது. ஆகவே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி இரண்டு பிள்ளைகளின் வாழ்வைப் பணயம் வைக்காதீர்கள்.

உடல் தாங்குமா?

பதின்வயதில் இடுப்பெலும்பு முழு வளர்ச்சி அடைந்திருப்பதில்லை. அதனால் பிரசவம் தடைப்படக்கூடும். இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வருதல், பிரசவத்துக்குப்பின் கிருமித்தொற்று ஆகியவை இருபது வயதைக் கடந்த தாய்மாரைவிட இவர்களுக்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. குழந்தை குறைமாதத்திலும் எடை குறைந்தும் பிறக்கக்கூடும். நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. தன் வளர்ச்சிக்கே இரத்தம் போதாத உடல், இன்னொரு உயிரையும் வளர்க்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் வாரந்தோறும் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் தூக்கி எறிந்துவிடாமல் விழுங்குகிறார்களா என்று விசாரியுங்கள்.

18 வயது நிறைந்து, சட்டப்படி மணமுடித்த இளம் தம்பதியரும் முதல் குழந்தையைச் சற்றுத் தள்ளிப்போடுவதில் தவறில்லை. "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்று மூன்றாம் மாதமே கேட்கும் மாமியாரும் அத்தையும் அந்தக் கேள்வியை நிறுத்தினால் பெரிய உபகாரம். கர்ப்பத்தைத் தள்ளிப்போடும் வழிகளை அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.

நேரிட்டுவிட்டால் என்ன செய்வது?

முதலாவது, அடிக்காதீர்கள். அறையில் பூட்டாதீர்கள். பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்ளத் துணியும் நேரம் அதுவே. தாயோ, நம்பிக்கைக்குரிய ஓர் அக்காவோ அவளோடு எப்பொழுதும் இருக்கட்டும்.

இரண்டாவது, மருந்துக்கடை மாத்திரையும், நாட்டு மருந்தும், போலி மருத்துவரும் வேண்டாம். இவற்றால் இரத்தப்போக்கு ஏற்பட்டு இறந்த பெண்கள் அநேகர். தகுதிபெற்ற மகப்பேறு மருத்துவரிடம் உடனே அழைத்துச் செல்லுங்கள். 2021-இல் திருத்தப்பட்ட சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இரண்டு மருத்துவர்களின் கருத்தின்பேரில் 24 வாரம் வரை கருக்கலைப்பை அனுமதிக்கிறது. பாதுகாவலரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும். விசுவாசிகளுக்கு இதில் மனச்சாட்சியின் பாரம் உண்டு என்பதை அறிவோம். எந்த முடிவானாலும் அது மருத்துவரின் ஆலோசனையோடு, பிள்ளையின் மனதையும் கேட்டு எடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது, 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். அவசரமாயின் 112. குற்றத்தை அறிந்தும் மறைப்பது போக்சோ சட்டத்தின்படி தண்டனைக்குரியது. அதே சட்டம் பிள்ளைக்குப் பாதுகாப்பும் தருகிறது. சீருடை அணியாத பெண் அதிகாரி, பிள்ளை விரும்பும் இடத்துக்கே வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அவள் பெயரையும் அடையாளத்தையும் எவரும் வெளியிடக்கூடாது. சிகிச்சைக்கு வரும் பிள்ளையும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், மருத்துவர் தம் அறிக்கையில் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியிருக்கிறது.

நான்காவது, குழந்தை பிறந்து, அவளால் வளர்க்க இயலாவிட்டால், தெரிந்தவர் மூலம் இரகசியமாய்க் கைமாற்றாதீர்கள். அது குற்றம். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்பாக முறைப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற 2 மாத அவகாசம் உண்டு.

ஐந்தாவது, அவளுடைய படிப்பைத் தொடரச் செய்யுங்கள். பள்ளிக்குத் திரும்ப இயலாவிட்டால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதலாம்.

பிள்ளையைக் காக்கும் வேலி

அடைத்துவைத்த கதவைவிடப் பள்ளிக்கூடம் பிள்ளையை நன்றாய்க் காக்கிறது. ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பில் பள்ளிக்கே போகாத 15-19 வயதுப் பெண்களில் 18 விழுக்காட்டினர் தாயாகியிருந்தார்கள் அல்லது கருவுற்றிருந்தார்கள். 12 ஆண்டுகளோ அதற்கு மேலோ படித்தவர்களில் அது 4 விழுக்காடே. வங்காளதேசம் 1994-இல், பள்ளிக்கு ஒழுங்காய் வந்து, திருமணம் செய்யாமல் இருக்கும் மாணவிகளுக்கு நாடெங்கும் உதவித்தொகை கொடுக்கத் தொடங்கியது. அங்கே குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியவில்லை எனினும், உயர்நிலைப் பள்ளிகளில் பெண்பிள்ளைகள் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாக வந்துவிட்டார்கள். தமிழ்நாட்டு அரசும் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமணத்துக்குக் கொடுத்துவந்த உதவியை 2022-இல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்கு உயர்கல்வியின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமாக்கியது. தாலிக்குத் தங்கம் என்பது கல்லூரிக்குப் பணம் என்று மாறிற்று. ஊரில் படிக்கும் உங்கள் பிள்ளைக்கு இது உரியதா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

டி.சி. இல்லை என்பதற்காக இங்கே பிள்ளையை வீட்டில் நிறுத்தாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 14 வயது வரை, டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கக்கூடாது. பிறப்புச் சான்று இல்லாவிட்டாலும் மறுக்கக்கூடாது. வயதுக்கேற்ற வகுப்பிலேயே சேர்க்க வேண்டும்.

சபையின் பங்கு

1863-இல் புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாய் புலேயும், கருவுற்று ஒதுக்கப்பட்ட விதவைகளுக்குப் பிரசவ இல்லம் ஒன்றைத் திறந்தார்கள். பெயர் கேளாமல், பழி கூறாமல் ஏற்றுக்கொண்டார்கள். அப்படி வந்த ஒரு பெண்ணின் மகனையே தங்கள் மகனாகத் தத்தெடுத்தார்கள். 1905-ஆம் ஆண்டின் எழுப்புதலைக் குறித்து நம் சபைகளில் பேசும்போதெல்லாம் பண்டித ரமாபாயின் முக்தி மிஷனைச் சொல்லுகிறோம். அந்த முக்தியில் குழந்தை விதவைகளும், பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளும், சமுதாயம் தள்ளிவிட்ட பெண்களும் அடைக்கலம் பெற்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எழுப்புதல் வந்த இடம் தள்ளப்பட்டவர்களைச் சேர்த்துக்கொண்ட இடமாக இருந்தது.

நம் சபைகளிலோ, ஒரு பிள்ளைக்கு இப்படி நேரிட்டால், பாடகர் குழுவிலிருந்து பெயரை எடுக்கிறோம். ஜெபக் குறிப்பு என்ற பெயரில் எல்லாருக்கும் தெரியப்படுத்துகிறோம். குடும்பம் வேறு ஏரியாவுக்கு வீடு மாறிப்போகிறது. அவளோடு சம்பந்தப்பட்டவன் மாத்திரம் அடுத்த வாரமும் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். இது நீதியா?

ஒவ்வொரு சபையும் செய்யக்கூடிய சில காரியங்கள் உண்டு. திருமணத்துக்கு வருகிற எவரிடமும் வயதுச் சான்று கேட்கப்படட்டும். ஊரில் நடக்கப்போகும் திருமணமானாலும் அழைப்பிதழை வாங்கும்போதே கேளுங்கள். மாலையில் பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும்வரை பிள்ளைகள் அமர்ந்து படிக்க சபைக் கட்டடத்தைத் திறந்துவையுங்கள். படித்த வாலிபர்கள் கன்னடமும் கணிதமும் சொல்லிக்கொடுக்கட்டும். ஆண்டுக்கு இருமுறையாவது ஒரு பெண் மருத்துவரை அழைத்துத் தாய்மாருக்கும் பெண்பிள்ளைகளுக்கும், ஓர் ஆண் மருத்துவரை அழைத்துப் பையன்களுக்கும் தனித்தனியே பேசச் செய்யுங்கள். பிள்ளைகள் துணிந்து போய்ப் பேசக்கூடிய, இரகசியம் காக்கும் மூத்த சகோதரிகள் இருவர் யாரென்று எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். 1098 என்ற எண் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கட்டும்.

பெற்றோரே, இந்த மாத இதழை மடித்து வைப்பதற்கு முன் உங்கள் மகளைக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். பரீட்சை மதிப்பெண்ணை இன்று கேட்க வேண்டாம். அவளுக்கு எதில் பயம், யாரைப் பார்த்தால் பயம் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.